டேப்பு பாஸ்டரும் அழாத குழந்தையும்

பாஸ்டருக்கு வாய்த்த சொத்து இரண்டுதான்: ஒரு குரல், ஒரு காது.

குரலை ஊரே அறியும். டயர் கடைக்கு மேலே, மாடியில்தான் அவருடைய சபை. கீழே சக்கரத்தைச் சுத்தியலால் தட்டுகிற சத்தத்தை மீறிக்கொண்டு, மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரை போய்ச் சேரும் குரல் அது. மற்ற இடங்களில் மின்சாரம் போனால் பிரசங்கம் நொண்டும். இங்கே போனதே யாருக்கும் தெரியாது, வியர்க்கும்போதுதான் தெரியும்.

காதைப் பற்றி அவ்வளவாக யாருக்கும் தெரியாது. ஒருமுறை கேட்டதை அந்தக் காது விடவே விடாது. பள்ளியில் படித்த காலத்தில் வகுப்புக்கு வெளியே நின்று, தலைமையாசிரியர் குரலில் "என்ன சத்தம் அங்கே?" என்று ஓர் அதட்டல் போடுவார். உள்ளே வாத்தியார் உட்பட எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதற்காக அடியும் வாங்கினார், "டேப்பு" என்ற பட்டப்பெயரும் வாங்கினார். அடி மறந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அவர் போனதும் சபை வாலிபர்கள் "டேப்பு பாஸ்டர்" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அவருக்கும் தெரியும். கோபமில்லை.

படிப்பு முடித்ததும் ஒரு மரச்சாமான் கடையின் விளம்பர வண்டியில் ஏறினார். கட்டில் வாங்கும் எண்ணமே இல்லாமல் கடைத்தெருவுக்கு வந்தவனை, கட்டிலும் மெத்தையுமாக வீட்டுக்கு அனுப்பிவைத்த வாய். அந்த வாயைக் கேட்டுத்தான் ஒரு சபையார் "இது கட்டில் விற்க வேண்டிய குரல் இல்லை" என்று முடிவு கட்டி, இறையியல் படிக்க அனுப்பினார்கள். அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. "நான் கட்டில் வித்த ஆளைத்தான் கட்டிக்கிட்டேன். பாஸ்டரம்மா ஆகணும்னு யாரும் என்கிட்ட கேக்கல" என்று அவர் மனைவி இன்னும் சொல்வாள். பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். பல்லைக் கடித்துக்கொண்டு வலியை மறைப்பவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பழகியவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

ஆரம்பத்தில் பாஸ்டர் சொந்தமாகத்தான் பேசினார். புத்தகங்களைப் பரப்பி, எழுதி, அடித்து, மறுபடி எழுதி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு பிரசங்கத்தை ஒப்பேற்றிவிடுவார். பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். ஆனாலும் அவருடையது.

பாஸ்டர் வேலை என்றால் வாரத்தில் ஒரு நாள் வாயைத் திறக்கிற வேலை என்று ஊருக்கு ஒரு நினைப்பு. மற்ற நாளெல்லாம் கால் மேல் கால் போட்டுக்கொண்டு ஜெபம் செய்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போக வேண்டும். போகாவிட்டால் அவர் பிழைத்து வந்து வருத்தப்படுவார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் உட்கார வேண்டும். இரண்டு பேரும் சமாதானமாகிச் சேர்ந்து இவரைத் திட்டுவார்கள். மாடிக்கூரை ஒழுகினால் ஏணி பிடிக்க வேண்டும். கல்யாணத்தில் சிரித்துவிட்டு, அதே சட்டையோடு அடக்கத்துக்குப் போய் அழ வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரம்கூட லீவு போடாமல் வந்து நிற்கும்.

அப்படி இரண்டு சாவும் ஒரு கூரை ஒழுகலும் சேர்ந்து வந்த ஒரு வாரத்தில், சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. யாரோ அனுப்பிய ஒலிப்பதிவு போனில் கிடந்தது. தூர தேசத்துச் சபை ஒன்றில் ஒரு பெரியவர் தமிழில் பேசியது. பெயர்கூட இல்லை. இருமி இருமிப் பேசுகிற, கரகரத்த, கனிவான குரல். பாஸ்டர் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றி நடந்தார். மறுநாள் மேடையேறி அப்படியே இறக்கிவைத்தார். சபை கண்ணைத் துடைத்துக்கொண்டது. சபைச் செயலாளர், பெயிண்ட் கடை முதலாளி, எந்தப் பிரசங்கத்துக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறவர், படியில் நின்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னைக்குத்தான் பாஸ்டர், உங்க பிரசங்கம் பிரசங்கம் மாதிரி இருந்துச்சு."

வேர்வை சிந்தி எழுதிய அத்தனை வாரமும் கிடைக்காத கைகுலுக்கல். இரவல் சரக்குக்குக் கிடைத்தால் மனிதன் என்ன செய்வான்? மறுவாரமும் பெரியவரைத்தான் தேடினார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. காதில் மாட்டிக்கொண்டு அவர் நடக்கக் கிளம்பினால் மனைவி வாசலில் நின்று, "என்ன, சின்ன வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்பாள்.

"சும்மா இரு. யார் காதிலயாவது விழப்போகுது."

"விழட்டும். ஞாயித்துக்கிழமையானா அந்தப் பெரியவர் பேசறார், நடுநடுவில நீங்க மூச்சு விடறீங்க. அவ்வளவுதானே?"

அவள் சொன்னதில் பாதி வேடிக்கை, பாதி நிஜம். சொற்கள் மட்டும் ஒட்டவில்லை. பெரியவரின் இருமலும் ஒட்டிக்கொண்டது. சரியாக அதே இடங்களில் பாஸ்டரும் இருமினார். சபையார் பதறிப்போய்த் தொண்டை மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டு மேசை இழுப்பறை முழுக்க மாத்திரை. இருமல் வராத மனிதருக்கு இவ்வளவு மாத்திரை எதற்கு என்று பாஸ்டரம்மா கிளினிக்குக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பெரியவர்தான். காத்திருப்பதைப் பற்றிய பிரசங்கம். பாஸ்டர் நல்ல ஏற்றத்தில் இருந்தார். கீழே சுத்தியல், மேலே இவர். சபை மூச்சு விடாமல் கேட்டது. அப்போது, பேச்சின் உச்சிக்குப் போகிற இடத்தில், குரலைத் தாழ்த்தி, கையை லேசாக உயர்த்தி, மிகுந்த கனிவோடு சொன்னார்:

"அந்தக் குழந்தையைக் கொஞ்சம் வெளியே தூக்கிட்டுப் போங்கம்மா. பாவம், ரொம்ப அழுது."

சபையில் குழந்தை எதுவும் அழவில்லை. அழுவதற்கு ஒரு கைக்குழந்தைகூட அன்று இல்லை. நடக்கிற பிள்ளைகள் பக்கத்து அறையில் ஞாயிறு பள்ளியில் இருந்தார்கள். கைக்குழந்தைக்காரர்கள் வெளியூர் போயிருந்தார்கள்.

தலைகள் திரும்பின. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். திரைச்சீலை தைக்கிற கடையில் வேலை செய்பவள். போன மாதம்தான் அவளுடைய குழந்தையை, பிறந்து சில வாரமே ஆன குழந்தையை, அடக்கம் செய்திருந்தார்கள். அவள் இரண்டு கையையும் மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு, நெரிசலில் பிள்ளையைத் தூக்கிப் போகிறவள் போல மெதுவாக நடந்து, கதவைத் திறந்து வெளியே போனாள். வேன் ஓட்டுகிற அவள் கணவன் பின்னாலேயே ஓடினான்.

செய்த தவறு பாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. அதுதான் கொடுமை. டேப்பு ஓடி முடிகிற வரைக்கும் ஓடியது.

பிரசங்கம் முடிந்து படியிறங்கும்போது, செருப்படி விழுந்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்தார். விழுந்தது மாலை. செயலாளர் கண் கலங்கி நின்றார். "ஆண்டவர் உங்க காதைத் திறந்துட்டார் பாஸ்டர். அந்தப் பிள்ளையோட அழுகை உங்களுக்குக் கேட்டிருக்கு!" பக்கத்தில் இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். ஒரு வயதான அம்மா அவர் காதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாஸ்டர் வாயைத் திறந்தார். பெரியவரைப் போல இருமினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "இல்லாத குழந்தை எங்கேருந்துங்க வந்துச்சு?"

அவர் போனை எடுத்து மேசைமேல் வைத்து ஓடவிட்டார். பெரியவர் பேசிக்கொண்டே வந்தார். தூரத்தில், ஏதோ ஒரு தேசத்தில், ஒரு குழந்தை வீறிட்டது. பெரியவர் நிறுத்தி, "அந்தக் குழந்தையைக் கொஞ்சம் வெளியே தூக்கிட்டுப் போங்கம்மா. பாவம், ரொம்ப அழுது" என்றார். ஒரு கதவு திறந்து மூடியது. பெரியவர் இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பாஸ்டரம்மா முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று நின்றுவிட்டாள்.

"அந்தப் பொண்ணு எழுந்து போனாளே" என்றாள். "ஐயோ, எழுந்து போனாளே அவ."

மறுநாள் காலையில் பாஸ்டர் கிளம்பினார். காதில் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவர் போனது ஒருமுறைதான், அடக்கத்தன்று. அன்றைக்குப் பேசியதும் பெரியவருடைய பேச்சுதான் என்பது நடந்து போகும்போது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அந்தச் சின்னப் பெட்டியின் முன்னால் நின்று, தனக்கென்று ஒரு சொல்கூட இல்லாமல் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

கதவைத் திறந்தது வேன் டிரைவர். வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது. அறையில் தையல் மிஷினைச் சுற்றி நீல நிறத் துணி குவியலாகக் கிடந்தது. கதவுக்குப் பின்னால், மடக்கிய தொட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. அதை எடுத்துவிடவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை என்று அது நின்ற இடமே சொன்னது. அவள் ஒரு நாற்காலியில் கிடந்த துணியை அள்ளிவிட்டு அவருக்குப் போட்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் பாஸ்டருக்குப் பயம் வந்தது.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் பாஸ்டர்" என்றாள். "எனக்குத் தினமும் கேக்குது. மிஷினை நிறுத்தினா கேக்குது, குழாயை மூடினா கேக்குது. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. நேத்து நீங்க சொன்னதும்தான் உயிரே வந்துச்சு." அவள் முன்னால் குனிந்தாள். "உங்களுக்கும் கேட்டுச்சு, இல்ல?"

ஒரு 'ஆமாம்' போதும். மூன்றே எழுத்தில் ஒரு சொல். சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அவள் அழுது ஆறுவாள், சபை கொண்டாடும், செயலாளர் காலமெல்லாம் கையைக் குலுக்குவார். பாஸ்டரின் நாக்கு அந்தச் சொல்லின் அருகே போய்விட்டது. எவ்வளவு பேருக்கு எவ்வளவு ஆறுதல் சொன்ன நாக்கு! ஆனால் இதையும் அவளுக்கு இரவலாகவே கொடுப்பதா என்று நினைத்தபோது வாய் அடைத்துக்கொண்டது.

"இல்லம்மா" என்றார். "எனக்குக் கேக்கல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். போன், பெரியவர், இருமல், அந்தத் தூரத்துக் குழந்தை. சுற்றி வளைக்கவில்லை. அடக்கத்தன்று பேசியதையும் சொன்னார். அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைவதை அவர் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"பொய்யே சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள் கடைசியில். "அதுகூடவா உங்களுக்கு வரல? வாராவாரம் சொல்றீங்களே. எனக்காக ஒண்ணு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்மா."

"அப்ப எனக்கு மட்டும்தான் கேக்குதா?"

"எனக்குக் கேக்கலம்மா. ஆனா நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அப்போதுதான் கதவோரம் நின்ற கணவன் பேசினான். அவன் பேசியதே இல்லை, அடக்கத்தன்றுகூட.

"எனக்கும் கேக்குது" என்றான். "வேன்ல ரேடியோவை நிறுத்தினா கேக்குது. அதான் நிறுத்தறதே இல்ல. சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நீலத் துணிக் குவியலைத் தாண்டிப் போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். குழந்தை எப்படி அழும், எதற்கு நிறுத்தும், டிரைவர் விசிலடித்தால் எப்படிச் சமாதானமாகும் என்று ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துச் சொன்னார்கள். பாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். ஊரிலேயே பெரிய குரல்காரர் அவ்வளவு நேரம் வாயே திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது ஜெபம்கூடச் செய்யவில்லை, தோன்றவில்லை.

வாசல்வரை வந்த அவள், "சபையில இருந்து ஆள் ஆளா வராங்க பாஸ்டர்" என்றாள். "குழந்தை உங்ககிட்ட என்ன சொல்லுச்சுன்னு கேக்கறாங்க. அதை மட்டும் நிறுத்திடுங்க."

நேரே பெயிண்ட் கடைக்குப் போனார். செயலாளர் டப்பாவில் நிறம் கலக்கிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து நின்றார். வழக்கமாக எழுந்திருக்க மாட்டார்.

"விசேஷக் கூட்டம் போடறோம் பாஸ்டர். பேனர் அடிக்கக் கொடுத்தாச்சு. 'கேளாததைக் கேட்கும் ஊழியர்'. எப்படி?"

பாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். கலக்குகிற குச்சி அப்படியே நின்றது. செயலாளர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்ல தெரியும். அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் தெரியும்."

"பாஸ்டர், உண்மை எங்கேயும் ஓடிப்போயிடாது. அடுத்த மாசம் வருடாந்தரக் கூட்டம். உங்களை வெச்சுக்கறதா வேணாமான்னு கை தூக்கப்போறோம். நீங்க இப்படிப் போய்ச் சொன்னா நானே கையைத் தூக்க யோசிப்பேன். கூட்டம் முடியட்டும், அப்புறம் நிதானமாச் சொல்லிக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல க்யூ நிக்கணுமா?"

செயலாளர் குச்சியை டப்பாவின் விளிம்பில் வழித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். சபை நிறைய வேண்டும் என்கிற ஆசைக்காரர். "பேனருக்கு என்ன பண்றது?" என்றார், கடைசியில் பரிதாபமாக.

அந்த வாரம் பாஸ்டர் மறுபடி புத்தகங்களைப் பரப்பினார். எழுதினார், அடித்தார். விட்டுப்போன பழக்கம்; கை வரவில்லை. பாஸ்டரம்மா எட்டிப் பார்த்து, "கொட்டாவி வந்தா நான் முன்வரிசையில உக்காந்து மறைச்சுக்கறேன், பயப்படாதீங்க" என்றாள். வேலை போனால் என்ன செய்வது என்று அவர் கேட்டதற்கு, "அந்தக் கட்டில் கடை இன்னும் இருக்கு. போன வாரம்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. அதிசயக் காதைப் பார்க்க வந்த கூட்டம். படிக்கட்டில்கூட ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் தையல்காரியும் டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பாஸ்டர் நேராகச் சொன்னார். "போன ஞாயிறு நான் பேசினது என்னோடது இல்ல. அதுக்கு முன்னாடி ரொம்ப ஞாயிறா நான் பேசினது எதுவும் என்னோடது இல்ல. வேற ஒரு பெரியவரோட பிரசங்கம். அவர் சபையில ஒரு குழந்தை அழுதுச்சு. அதையும் சேர்த்துச் சொல்லிட்டேன். எனக்கு எதுவும் கேக்கல. என்னை மன்னிச்சிடுங்க. அந்த வீட்டுக்குப் போய் யாரும் எதுவும் கேக்காதீங்க."

கீழே சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. படிக்கட்டில் நின்றவர்களில் சிலர் இறங்கிப் போனார்கள். போன வாரம் காதைத் தொட்டு ஒற்றிக்கொண்ட அம்மா தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா உரக்கக் கேட்டார்: "அப்ப அந்த இருமல்?"

"அதுவும் அவரோடதுதான்யா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "நான் வாங்கிக் கொடுத்த மாத்திரை?" என்று இன்னொரு குரல். இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. செயலாளர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் தன் தாளைப் பிரித்துப் பேசத் தொடங்கினார். சாதாரணமான பிரசங்கம். இரண்டு இடத்தில் தடுமாறியது. ஓர் இடத்தில் சொன்னதையே சொன்னார். "நான் நல்லாக் கேக்கறவன்னு நினைச்சிட்டு இருந்தேன். கேட்டதைத் திருப்பிச் சொல்றவனாத்தான் இருந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணு இல்லன்னு இந்த வாரம்தான் புரிஞ்சுது" என்றபோது மட்டும் கொட்டாவி விட வாய் திறந்த ஒருவர் மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, ஊரிலிருந்து திரும்பியிருந்த குடும்பத்துக் கைக்குழந்தை வீறிட்டது. சந்தேகமே வேண்டாம், நிஜக் குழந்தை, நிஜ அழுகை. அதன் தாய் முகம் சிவந்து எழுந்தாள். சபை முழுக்க பாஸ்டரைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த வசனம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வெளியே போகவேணாம்மா, இருங்க" என்றார். "இது எனக்கும் கேக்குது."

சபை வெடித்துச் சிரித்தது. செயலாளர் தோள்கூடக் குலுங்கியது. தையல்காரி சிரிக்கவில்லை. பாஸ்டரையே பார்த்தாள். பிறகு டிரைவரின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்து, நேரே அந்தத் தாயிடம் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க, நான் வெச்சுக்கறேன். நீங்க உக்காந்து கேளுங்க."

குழந்தை அவள் தோளில் இன்னும் பலமாக அழுதது. அவள் கதவைத் திறந்து வெளியே போகவில்லை. பின்பக்க ஜன்னலோரம் நின்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். டிரைவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, மிக மெதுவாக விசிலடித்தான். பாஸ்டர் சுத்தியலை மீறத் தெரிந்த தன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த அழுகைக்கு இடம் விட்டு, மீதி இருந்ததைப் பேசி முடித்தார்.